35 பேருக்கு ஒரு புர்குல் சாலட்

வீட்டில் இருந்த சம்பா கோதுமை ரவையில் தொடங்கியதுதான் முதல் பிழை. பார்வைக்கு அதுவும் புர்குலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. உடைத்த கோதுமை, அதே பழுப்பு நிறம், ஏறக்குறைய அதே பருமன். அரபுக் கடைகளில் புர்குல் என்றும் துருக்கிப் பாக்கெட்டுகளில் புல்கர் என்றும் எழுதியிருப்பது நம் ரவைதானே என்று எண்ணி அரைக் கிலோவை வேகவைத்தேன். வெள்ளரி, தக்காளி, எலுமிச்சைச் சாறு, ஆலிவ் எண்ணெய் எல்லாம் சேர்த்துக் கலந்தேன். பத்து நிமிடத்தில் கரண்டியை நட்டால் நிற்கும் அளவுக்கு இறுகிவிட்டது. மணி மணியாக உதிர வேண்டியது, கவிழ்த்தபோது கிண்ணத்தின் வடிவிலேயே தட்டில் நின்றது.

அது டிசம்பர் நடுவில். பொங்கலுக்கு அடுத்த சனிக்கிழமை எங்கள் ஷார்ஜா அடுக்ககத்தின் மொட்டைமாடியில் விருந்து என்று முடிவாகியிருந்தது. ஒன்பது குடும்பங்கள், குழந்தைகளையும் சேர்த்து 35 பேர், வீட்டுக்கு ஒரு பதார்த்தம். சாலட் என் பொறுப்பு என்று நானே கேட்டு வாங்கினேன். அதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. என் மனைவி செவிலியர். 12 மணி நேரப் பணியில் அவருக்கு மதிய உணவுக்குக் கிடைப்பது அரை மணி நேரம். அதில் பாதி, சாப்பாட்டைச் சூடாக்கும் வரிசையில் போய்விடுகிறது. சூடாக்காமல் சாப்பிடக்கூடியதும், வயிறு நிறைவதும், மூன்று நான்கு நாள் தாங்குவதுமான ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் விருந்துக்கும் ஆயிற்று, அவருடைய டப்பாவுக்கும் ஆயிற்று.

எங்கள் எதிர்வீட்டில் லெபனான் நாட்டு அம்மா ஒருவர் இருக்கிறார். பெக்கா பள்ளத்தாக்கில், ஸஹ்லே நகருக்குப் பக்கத்துக் கிராமம் அவருடையது. எழுபதைக் கடந்தவர். அவர்கள் வழக்கப்படி நான் அவரைத் ‘தான்த்’ என்று அழைக்கிறேன். பிரெஞ்சிலிருந்து வந்த சொல், நம் அத்தைதான். என் மகளுக்கு அவர் ‘தேத்தா’, பாட்டி. இறுகிப்போன சாலட்டை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். அவர் வாயில் போடவில்லை. இரண்டு விரலுக்கு நடுவே கொஞ்சம் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். விரலில் பசை ஒட்டியது.

“இது புர்குல் இல்லை, மகனே. ஜரீஷ்.”

ஜரீஷ் என்றால் அவிக்காத கோதுமையை அப்படியே உடைத்தது. அதைக் குழையக் குழைய வேகவைத்துக் கஞ்சிப் பதத்தில் சாப்பிடுவது வளைகுடாப் பக்கத்து வழக்கம். 2023-இல் சவூதி அரேபியா அதைத் தன் தேசிய உணவாகவே அறிவித்தது. குழைவதுதான் அதன் அழகு. புர்குல் வேறு சாதி. தான்த் விளக்கியதை நான் அப்படியே சொல்கிறேன். கோடை முடிந்து புதுக் கோதுமை வந்ததும் அவர்கள் ஊரில் பெரிய அண்டாவில் முழுக் கோதுமையைப் போட்டு விறகடுப்பில் அவிப்பார்களாம். அவிந்த கோதுமையில் முதல் கிண்ணம் சர்க்கரை தூவிக் குழந்தைகளுக்குப் போகும். மிச்சத்தை வீட்டு மாடியில் பரப்பி வெயிலில் காயவைத்து, கல் போல் ஆனதும் மில்லுக்குக் கொண்டுபோய் உடைத்து, சலித்து, மெல்லியது வேறு பருமன் வேறாகப் பிரித்து வருடம் முழுவதற்கும் வைத்துக்கொள்வார்கள்.

அவர் சொல்லிக்கொண்டே போனபோது நான் தஞ்சாவூர்ப் பக்கத்து எங்கள் வீட்டுக் களத்தில் இருந்தேன். ஆச்சி நெல் அவிக்கும் நாளில் விடியற்காலையிலேயே அந்த வாசனை தெரு முழுக்க நிற்கும். அவித்த நெல்லைக் களத்தில் கொட்டி, காலாலேயே சால் பிடித்துத் துழாவிக் காயவைப்போம். புர்குல் என்பது புழுங்கல் கோதுமை. இந்த ஒரு சொல் கிடைத்ததும் மற்றதெல்லாம் விளங்கிவிட்டது. பச்சரிசிச் சோறு குழைவதும் புழுங்கலரிசிச் சோறு உதிர்வதும் எதனாலோ, அதனால்தான் ரவை பசையாகிறது, புர்குல் மணியாக நிற்கிறது. அவிக்கும்போது தானியத்துக்குள் இருக்கும் மாவுப்பொருள் வெந்து, காயும்போது இறுகிவிடுகிறது. அதன்பிறகு உடைத்தாலும் மாவு தண்ணீரில் கரைந்து வெளியே வருவது மிகக் குறைவு. ரவையில் அந்தக் காவல் இல்லை. உடைபட்ட ஒவ்வொரு முகத்திலிருந்தும் மாவு வழிகிறது.

ஆகவே முதல் பாடம் கடையிலேயே முடிந்துவிடுகிறது. பாக்கெட்டில் புர்குல் அல்லது புல்கர் என்று இருக்க வேண்டும். அரபு எழுத்தில் ‘நாஇம்’ என்றிருந்தால் மெல்லியது, ‘கஷின்’ என்றிருந்தால் பருமன். மெல்லியதை ஊறவைத்தாலே போதும், அடுப்பு வேண்டாம். ஆனால் பல மணி நேரம் காத்திருக்கும் சாலட்டுக்கும் நான்கு நாள் டப்பாவுக்கும் பருமன்தான் சரி. மெல்லியது இரண்டாம் நாளே சாற்றைக் குடித்து ஊதிவிடுகிறது.

இரண்டாவது முயற்சி ஜனவரி முதல் வாரம். பருமன் புர்குல், அரைக் கிலோ. மணி மணியாக வந்தது. மகிழ்ச்சியோடு எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து மதியம் இரண்டு மணிக்கு மூடி வைத்தேன். மாலை ஆறு மணிக்குத் திறந்தால் கிண்ணத்தின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர். கொத்தமல்லி போலிருக்கும் பார்ஸ்லி இலைகள் கறுத்துத் துவண்டிருந்தன. மேலே இருந்தது சப்பென்றும் அடியில் இருந்தது உப்புக் கரித்தும் இருந்தன. சாறில் இன்னொரு கசப்பு வேறு. எண்ணெயையும் எலுமிச்சைச் சாற்றையும் மிக்ஸியில் அடித்திருந்தேன். முதல் தர ஆலிவ் எண்ணெயை மிக்ஸியின் வேகத்தில் அடித்தால் அதில் உள்ள கசப்புப் பொருள்கள் சாறெங்கும் பிரிந்து பரவிவிடுகின்றன. மூடியுள்ள பாட்டிலில் ஊற்றிக் கையால் குலுக்கினாலே போதும்.

அன்றிரவு உட்கார்ந்து யோசித்தபோது இந்த சாலட்டில் செய்யவேண்டிய வேலை முழுவதும் தண்ணீரைப் பற்றியது என்று எனக்குப் பட்டது. வெள்ளரியும் தக்காளியும் பெரும்பகுதி தண்ணீர். உப்பு பட்ட நொடியிலிருந்து அதை வெளியே விடுகின்றன. கழுவிய கீரையின் ஈரம் தனி. வேகவைத்த தானியத்தின் ஆவி மூடிக்குள் நீராகி மறுபடி விழுகிறது. இத்தனையும் கிண்ணத்துக்குள் நடக்க விட்டதுதான் பிழை. கலப்பதற்கு முன்பே அந்தத் தண்ணீரை வெளியே எடுத்துவிட வேண்டும், எடுத்ததை எங்கே வேண்டுமோ அங்கே ஊற்றிவிட வேண்டும். மூன்றாவது முறை, விருந்துக்காக, அந்தக் கணக்கில்தான் செய்தேன்.

வெள்ளிக்கிழமை காலை 500 கிராம் வெள்ளைக் கொண்டைக்கடலையை ஒரு மேசைக்கரண்டி உப்புப் போட்ட தண்ணீரில் ஊறவைத்தேன். உப்புத் தண்ணீரில் ஊறினால் தோல் மிருதுவாகிறது, வேகும்போது வெடிப்பதில்லை. மாலையில் புதுத் தண்ணீர் மாற்றிக் குக்கரில் நான்கு விசில். ஆவி தானாக அடங்கும் வரை திறக்கவில்லை. நசுக்கினால் வெண்ணெய் போல் மசிய வேண்டும், நசுக்காமல் விட்டால் முழுதாக நிற்க வேண்டும். அந்தப் பதம் வந்தது. வடித்து, ஈரம் போகத் தட்டில் பரப்பினேன்.

பார்ஸ்லி நான்கு பெரிய கட்டு, புதினா இரண்டு கட்டு. மண் போகும் வரை மூன்று தண்ணீரில் அலசி, உதறி, கூடத்தில் பழைய வேட்டி ஒன்றை நான்காக மடித்து விரித்து அதன்மேல் பரப்பி மின்விசிறியைப் போட்டுவிட்டேன். இரண்டு மணி நேரம் கழித்துத் தொட்டால் காகிதம் போல் இருந்தன. நறுக்கும் வேலையைக் கற்றுக்கொடுக்கத் தான்த் வந்திருந்தார். நான் வழக்கமாகச் செய்வது கத்தியை முன்னும் பின்னும் ஆட்டிக் கொத்துவது. அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். பார்ஸ்லியைத் தண்டெல்லாம் ஒரே பக்கம் வரும்படி அடுக்கி, இடது கையால் சுருட்டு போல் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கத்தி மேலிருந்து கீழே ஒரே முறை இறங்கியது. அடுத்த வெட்டு ஒரு மில்லிமீட்டர் தள்ளி. வெட்டிய இடத்தில் மறுபடி கத்தி படவேயில்லை. பலகையில் பச்சைத் தூள் குவிந்தது, ஆனால் பலகை நனையவில்லை. என் முறையில் கொத்தியபோது பலகையெல்லாம் பச்சை நீராக இருந்ததை நினைத்துக்கொண்டேன். அந்த நீர்தான் இலையின் மணம். இலையை நசுக்கினால் அது பலகைக்குப் போகிறது, இலை கறுக்கிறது.

அவர் நறுக்கிக்கொண்டே ஒன்றைக் கண்டிப்பாகச் சொன்னார். அவர்கள் ஊர் சாலட்டான தபூலே என்று இதை யாரிடமும் சொல்லக்கூடாது. தபூலேயில் பார்ஸ்லிதான் உணவு, புர்குல் அதற்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிய வேண்டும், அதுவும் மெல்லிய புர்குல், எலுமிச்சையிலும் தக்காளிச் சாற்றிலுமே ஊறியது. அவர் சொல்வது நியாயம். தானியம் முன்னால் நிற்கும் வகைக்குத் துருக்கியின் கிசிர்தான் நெருக்கம். மெல்லிய புல்கரைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, தக்காளி விழுது, மிளகாய் விழுது, மாதுளைப் பாகு, வெங்காயத்தாள் போட்டுப் பிசைவது. துருக்கியில் பெண்கள் முறைவைத்து ஒருவர் வீட்டில் கூடி, நம் சீட்டு போலவே, ஆளுக்கு ஒரு தங்கக் காசோ பணமோ அந்த வீட்டுக்காரிக்குக் கொடுக்கும் கூட்டங்கள் உண்டு. அங்கே தேநீரோடு கிசிர் இல்லாமல் இருப்பது அரிது. கூட்டத்துக்கென்றே வளர்ந்த சாலட் அது. நான் செய்தது இரண்டுக்கும் நடுவில். அதனால் வெறுமனே புர்குல் சாலட் என்றே அழைக்கிறேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணி. கெட்டியான தக்காளி 1,200 கிராம். பாதியாக நறுக்கி விதைப் பகுதியை விரலால் வழித்து வடிகட்டியில் போட்டேன். அதை வீசிவிடுவது பெரிய இழப்பு. தக்காளியின் ருசி சதையைவிட அந்தக் கொழகொழப்பில்தான் அதிகம். கரண்டியால் அழுத்தி வடித்தபோது 300 மில்லி சாறு கிடைத்தது. புர்குல் ஒரு கிலோவுக்கு எனக்குத் தேவை 2 லிட்டர் தண்ணீர், டம்ளர் கணக்கில் ஒன்றுக்கு ஒன்றரை. 1,700 மில்லி தண்ணீரும் இந்த 300 மில்லி சாறுமாகக் கணக்குச் சரியானது. அடியில் தேங்கிக் கெடுக்கவிருந்த நீர் தானியத்துக்குள்ளேயே போய்விட்டது.

அகலமான பாத்திரத்தில் மூன்று மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய் ஊற்றி புர்குலைப் போட்டு, வறுத்த கோதுமை மணம் வரும் வரை ஐந்து நிமிடம் கிளறினேன். கொதிக்கும் தக்காளித் தண்ணீரை ஊற்றி 20 கிராம் உப்பு. மூடி, சிறு தீயில் 12 நிமிடம். தண்ணீர் வற்றியதும் அடுப்பை அணைத்து, மூடிக்கும் பாத்திரத்துக்கும் நடுவே ஒரு பருத்தித் துணி. மேலே ஏறும் ஆவியைத் துணி குடித்துக்கொள்கிறது. 15 நிமிடம் தொடவில்லை.

அடுத்த வேலைக்கு எனக்குச் சொல்லித்தர யாரும் தேவைப்படவில்லை. புளியோதரைக்குச் சோற்றை என்ன செய்வோமோ அதுதான். இரண்டு பெரிய தாம்பாளங்களில் கொட்டி, முள்கரண்டியால் உதிர்த்து, விசிறிக் காற்றில் ஆறவிட்டேன். குவியலாக விட்டால் நடுவில் சூடு நின்று குழையும். வெந்த தானியம் வெதுவெதுப்பாகவே மணிக்கணக்கில் கிடப்பது வயிற்றுக்கும் நல்லதல்ல. அதில் பிழைத்திருக்கும் கிருமி வித்துகள் அந்தச் சூட்டில்தான் பெருகுகின்றன. பரப்பினால் அரை மணியில் ஆறிவிடுகிறது. கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்போதே, எண்ணெயும் எலுமிச்சையும் குலுக்கி வைத்திருந்த சாறில் பாதியை மேலே ஊற்றிப் பிசிறிவிட்டேன். ஆறிய தானியத்தைவிட வெதுவெதுப்பான தானியம் சாற்றை நன்றாக இழுத்துக்கொள்கிறது. புளிக்காய்ச்சலைச் சூட்டோடு சேர்ப்பதும் இதற்குத்தானே.

சாறு: ஆலிவ் எண்ணெய் 300 மில்லி, எலுமிச்சைச் சாறு 220 மில்லி, மாதுளைப் பாகு மூன்று மேசைக்கரண்டி, தட்டிய பூண்டு இரண்டே பல், மிளகுத்தூள். பூண்டில் தாராளம் வேண்டாம். பச்சைப் பூண்டின் காரம் மறுநாள் ஏறிக்கொண்டே போகிறது.

வெள்ளரி, இங்கே கிடைக்கும் சிறிய மெல்லிய தோல் வகை, 1,250 கிராம். சின்னச் சதுரங்களாக நறுக்கி இரண்டு தேக்கரண்டி உப்புப் பிசிறி வடிகட்டியில் அரை மணி நேரம் வைத்தேன். அடியில் வைத்த கிண்ணத்தில் முக்கால் டம்ளருக்குக் குறையாமல் நீர். போன முறை சாலட்டின் அடியில் பார்த்தது இதைத்தான். வெள்ளரித் துண்டைக் கடித்தால் முன்பைவிட நறுக்கென்று இருந்தது. வெங்காயம் மூன்று, பொடியாக நறுக்கி, இரண்டு தேக்கரண்டி சுமாக் தூளும் கொஞ்சம் உப்பும் போட்டுக் கையால் கசக்கினேன். சுமாக் என்பது ஒரு புதர்ச்செடியின் புளிப்பான சிவந்த காயைக் காயவைத்துப் பொடித்தது. கசக்கியதும் வெங்காயத்தின் காட்டம் அடங்கிப் புளிப்பும் ரோஜா நிறமும் ஏறியது.

மாடிக்குப் போகும் அரை மணிக்கு முன்தான் எல்லாம் சேர்ந்தன. புர்குல், கடலை, வெங்காயம் முதலில். பிறகு வெள்ளரியும் தக்காளிச் சதையும். கடைசியாகக் கீரைகளும் மிச்சச் சாறும். இரண்டு மாதுளையின் முத்துக்கள் மேலே. உப்பு பார்த்ததில் ஏற்கெனவே சரியாக இருந்தது. அதன்பிறகும் ஆலிவ் காய்களைச் சேர்த்தேன், உப்பு ஒரு படி கூடிவிட்டது. அடுத்த முறை ஆலிவை முதலில் போட்டுவிட்டுத்தான் உப்பு பார்க்க வேண்டும், அல்லது ஒரு மணி நேரம் நல்ல தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். ஃபெட்டா பாலாடைக்கட்டியை உள்ளே சேர்க்கவில்லை. அதன் உப்புநீர் கசியும், பால் சாப்பிடாதவர்களும் வந்திருந்தார்கள். தனிக் கிண்ணத்தில் உதிர்த்து வைத்தேன். ஃபெட்டா என்ற பெயர் 2002 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் கிரேக்கத்துக்கு மட்டுமே உரியது. அங்கே அது செம்மறியாட்டுப் பாலில், வெள்ளாட்டுப் பால் கொஞ்சம் சேர்த்துச் செய்வது. வேறு ஊர்களில் பசும்பாலில் செய்து வருவது மிருதுவாகக் குழைந்துவிடுகிறது. உதிர வேண்டுமென்றால் கிரேக்கத்துச் சரக்கைத் தேடி வாங்குவதே நல்லது.

மொத்தம் ஆறு கிலோவுக்கு மேல் வந்தது. பாதியை மாடிக்கு எடுத்துப்போய் மறுபாதியைக் குளிர்பெட்டியில் வைத்திருந்தேன். வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் எந்தக் கிண்ணமும் இருக்கக் கூடாது என்பது என் கணக்கு. முதல் கிண்ணம் ஒன்றேகால் மணி நேரத்தில் தீர்ந்தது. காலியான பிறகு அடியைப் பார்த்தேன். எண்ணெயின் மினுமினுப்பு இருந்தது, தண்ணீர் இல்லை. பக்கத்து மேசையில் வெண்பொங்கலும் மட்டன் கீமாவும் இருந்த கூட்டத்தில், பெரியவர்கள் சிலர் இரண்டாம் முறை வந்து சாலட்டை வாங்கிக்கொண்டார்கள். தான்த் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, எதுவும் பேசாமல் மேசையிலிருந்த எலுமிச்சையை எடுத்துத் தன் தட்டில் இன்னும் அரைமூடி பிழிந்துகொண்டார். மகளைக் கூப்பிட்டு, “அப்பாவிடம் சொல், எலுமிச்சை போதாது, மற்றதெல்லாம் சரி” என்றார்.

அவர் சொன்னது உண்மை என்பது ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. நேரம் ஆக ஆகப் புளிப்பு மழுங்குகிறது. தானியமும் கடலையும் அதைக் குடித்துவிடுகின்றன. டப்பா உணவுக்கு இதுதான் முக்கியமான விஷயம்.

வார டப்பாவை நான் இப்போது இப்படிச் செய்கிறேன். ஞாயிறு மாலை 300 கிராம் புர்குலும் 150 கிராம் கடலையும் வேகவைத்து, ஆறவைத்து, வெங்காயமும் பாதிச் சாறும் கலந்து, அன்றே நான்கு டப்பாவில் பிரித்துக் குளிர்பெட்டியில் வைத்துவிடுகிறேன். வெள்ளரியை உப்பிட்டு வடித்துத் தனி டப்பா. கீரைகளை நறுக்காமல், காய்ந்த நிலையில் மெல்லிய காகிதத் துண்டில் சுற்றி மூடி வைத்தால் வியாழன் வரை பச்சை மாறவில்லை. தினமும் காலையில் ஒரு கைப்பிடி மட்டும் நறுக்கி மேலே போட வேண்டும், மூன்று நிமிட வேலை. மிச்சச் சாறு ஒரு சிறு குப்பியில், கூடவே ஒரு எலுமிச்சைத் துண்டு. தக்காளியைப் பொறுத்தவரை, வாரநாள் டப்பாவில் அதை நறுக்கிப் போடுவதையே விட்டுவிட்டேன். முழுதாகவே போடக்கூடிய சிறிய செர்ரித் தக்காளி போதும். வால்நட் போடுவதானால் அதையும் தனியாக வைக்க வேண்டும், ஈரம் பட்டால் ஒரே இரவில் தொய்ந்துவிடுகிறது.

இரண்டாம் நாள் மனைவி ஒரு குறை சொன்னார். புர்குல் கொஞ்சம் விறைத்திருக்கிறதாம், எண்ணெய் வெள்ளையாக உறைந்திருக்கிறதாம். குளிரில் வெந்த மாவுப்பொருள் மறுபடி இறுகுகிறது, பழைய சோறு விறைப்பது போல. ஆலிவ் எண்ணெய் உறைவதும் இயல்புதான், கெட்டுப்போனதாக நினைக்க வேண்டியதில்லை. சாப்பிடுவதற்கு அரை மணி முன்பு டப்பாவைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைத்தால் எண்ணெய் இளகிவிடுகிறது, விறைப்பும் ஓரளவு குறைகிறது. மூன்றாம் நாள் டப்பாதான் அவருக்கு மிகவும் பிடித்தது, சுமாக் எல்லா இடத்திலும் ஊறிவிட்டது என்றார். நான்காம் நாள் சாப்பிடலாம், ஆனால் பூண்டு முன்னால் வந்துவிடுகிறது. ஐந்தாம் நாளுக்கு நான் வைப்பதில்லை.

விருந்தன்று மிச்சமானதில் ஒரு டப்பா தான்த் வீட்டுக்குப் போயிருந்தது. வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரும் வழக்கம் அவர்களுக்கும் இல்லை. புதன்கிழமை டப்பா திரும்பி வந்தபோது அதில் முக்கால் கிலோ புர்குல் இருந்தது, அவருடைய தங்கை ஊர் மாடியில் காயவைத்து அனுப்பியது. கடைப் பாக்கெட்டைவிட நிறம் கருமை, மணிகள் ஒரே அளவில் இல்லை, முகர்ந்தால் லேசான புகை. இதற்கு ஒன்றுக்கு ஒன்றரை போதுமா என்று தெரியவில்லை. வரும் சனிக்கிழமை ஒரு டம்ளரை மட்டும் எடுத்து, ஒன்றேமுக்கால் தண்ணீரில் சோதித்துப் பார்க்கப்போகிறேன்.